எல்லா ஸ்டெப்பும் செஞ்சேன்மா

போன வாரம் பிளஸ் ஒன் அட்மிஷனுக்கு ஆட்டிசம் இருக்கற என் பையனோட யூடிஐடி கார்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான், அதோட ஜெராக்ஸ் வேணும்னு பீரோவை குடைஞ்சுட்டு இருந்தப்ப ஒரு பச்சை ஃபைல் கையில கிடைச்சது, ரெண்டு வருஷம் முன்னாடி அவன் போன சோசியல் ஸ்கில்ஸ் குரூப்போட ஃபைல், மத்த பிள்ளைங்களோட பழகறது எப்படின்னு சொல்லிக் குடுக்கற க்ளாஸ். உள்ள சர்ட்டிஃபிகேட், ஹோம்வொர்க் ஷீட்டுங்க, எல்லாத்துக்கும் அடியில நான் நிரப்பிக் குடுத்த ரெண்டு ஃபார்மோட ஜெராக்ஸ், ஒண்ணு முதல் வாரத்துது, இன்னொண்ணு கடைசி வாரத்துது. "சம வயதுப் பிள்ளைகளிடம் தானாகப் போய்ப் பேசுகிறான்"னு ஒரு வரி இருக்கு. முதல் ஃபார்ம்ல 'எப்போதாவது'ன்னு டிக் அடிச்சிருக்கேன், கடைசி ஃபார்ம்ல 'அடிக்கடி'ன்னு. என் கையால அடிச்ச டிக்தான். தரையில அப்படியே உக்காந்து அதையே பாத்துட்டு இருந்தேன். அந்த செப்டம்பர்ல என் பையன் நிஜமாவே அடிக்கடி யார்கிட்டயாவது தானா போய் பேசினானா? எவ்வளவு யோசிச்சாலும் எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் ஞாபகத்துக்கு வருது.

இது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும்போதுதான் எங்க அம்மாக்கள் வாட்ஸப் குரூப்ல ஒருத்தங்க கேட்டாங்க, "அக்கா, உங்க பையனை அந்த டீனேஜ் க்ளாஸ்ல போட்டீங்கல்ல, யூஸ்ஃபுல்லா இருந்துச்சா? பொண்ணுக்கு 13 ஆகுது, கேட்டா முப்பதாயிரம் சொல்றாங்க." ஆமான்னு டைப் பண்ணேன், அழிச்சேன். இல்லன்னு டைப் பண்ணேன், அதையும் அழிச்சேன். அப்பறம் போன் பண்றேன்மான்னு போட்டுட்டு இன்னும் போன் பண்ணல. அதான் இங்க எழுதறேன், எழுதினாத்தான் எனக்கே தெளியும் போல இருக்கு.

சனிக்கிழமை க்ளாஸ்

இந்த மாதிரி க்ளாஸ் நிறைய இடத்துல நடக்குது, பல இடத்துல மூலம் ஒண்ணுதான், அமெரிக்காவுல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டியில எலிசபெத் லாகசனும் ஃப்ரெட் ஃப்ராங்கலும் உருவாக்கின பியர்ஸ்ங்கற ப்ரோக்ராம். வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், 14 வாரம், பிள்ளைங்க ஒரு ரூம்ல இருப்பாங்க, பெத்தவங்க நாங்க இன்னொரு ரூம்ல. எங்களுக்கு நடந்தது அதை வச்சு இங்க மாத்திக்கிட்ட ஒண்ணு. அதோட அடிப்படை எனக்கு இன்னிக்கும் பிடிக்கும், பெரியவங்க வழக்கமா சொல்ற "போ, போய் பேசு, சேந்து விளையாடு" மாதிரி அறிவுரைய விட்டுட்டு, ஃப்ரெண்ட்ஸ் நல்லா அமையற பிள்ளைங்க நிஜமா என்ன பண்றாங்கன்னு பாத்து, அதை படிப்படியா உடைச்சு சொல்லிக் குடுக்கறாங்க. போன் பேச ஆரம்பிக்கறது எப்படி, முடிக்கறது எப்படி, நாலு பேர் பேசிட்டு இருக்கற இடத்துல எப்படி போய் சேர்றது, கிண்டல் பண்ணா என்ன சொல்றது, யார் ஃப்ரெண்டு யார் இல்ல, எல்லாத்துக்கும் ஸ்டெப் ஒண்ணு, ஸ்டெப் ரெண்டுன்னு இருக்கும். என் பையனுக்கு ஸ்டெப்னா உசிரு.

அதுல ஒரு பாடம் அவனை நிஜமாவே காப்பாத்துச்சு, அதை சொல்லாம விட்டா பாவம். ஸ்கூல் கேன்டீன்ல மூணு பசங்க தினமும் இவன் காசுலதான் பப்ஸ் சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க, எட்டாவதுலேர்ந்தே. எங்களுக்கு தெரியாது. இவன் அவங்களை ஃப்ரெண்ட்ஸ்னு நினைச்சிருக்கான், ஏன்னா பக்கத்துல வந்து உக்காருறாங்க. ஃப்ரெண்டு யாருன்னு கண்டுபிடிக்கற பாடம் நடந்த அன்னிக்கு ராத்திரி நோட்டுல கோடு போட்டு ஒரு பக்கம் அவங்க பேரு, இன்னொரு பக்கம் க்ளாஸ்ல சொன்ன அடையாளங்கள்னு எழுதி, ஒவ்வொண்ணா டிக் போட்டு பாத்துட்டு, "அம்மா, இவங்க மூணு பேருக்கும் ஒரு டிக்கூட வரலை"ன்னான். மறுநாள்லேர்ந்து காசு எடுத்துட்டு போகல. அவங்க பக்கத்துல வந்து உக்காரறதும் நின்னு போச்சு. அவனுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அது தெரிஞ்ச கஷ்டம்.

ஆனா மத்ததுல நிறைய இடத்துல அந்த ஸ்டெப்புங்க நம்ம ஊர் தெருவுக்கு வந்ததும் இடறுச்சு. க்ளாஸ் பாதி இங்கிலீஷ்லதான் நடக்கும், அதுல யாரா இருந்தாலும் 'யூ'தான். தமிழ்ல அப்படியா? நீயா, நீங்களா, டா போடலாமா, மச்சானா, ப்ரோவான்னு ஒரு பதினாலு வயசுப் பையன் அரை செகண்ட்ல முடிவு பண்ணணும், தப்பா போட்டா அங்கயே முடிஞ்சுது. என் பையன் எல்லாருக்கும் நீங்கதான், சின்ன வயசுல மரியாதையா பேசணும்னு நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே பிடிச்சுக்கிட்டான். கூடப் படிக்கற பையன்கிட்ட "நீங்க ரெக்கார்ட் நோட் முடிச்சுட்டீங்களா"ன்னு கேட்டா அவங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க. அப்பறம் கிண்டலுக்கு பதில் சொல்ற பாடம். அசட்டையா ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துடணும், எங்க க்ளாஸ்ல "அதுக்கென்ன இப்போ"ன்னு பழக்கினாங்க. அதை அவன் ஸ்கூல்ல ஒரு சார்கிட்ட சொல்லிட்டான், அவர் ஏதோ விளையாட்டா கேட்டிருக்காரு, இவன் கிண்டல்னு கணக்குப் போட்டு பாடத்தை எடுத்து விட்டுட்டான். அன்னிக்கு மத்தியானம் முழுக்க வெளிய நின்னான். என்ன தப்பு பண்ணேன்னு அவனுக்கு கடைசி வரைக்கும் புரியல, எனக்கும் விளக்க வார்த்தை கிடைக்கல. கடைசி வாரங்கள்ல ஒரு பையனை வீட்டுக்கு கூப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஒண்ணா இருக்கணும்னு ஹோம்வொர்க். யாரைக் கூப்பிடறது? ஒன்பதாவது பத்தாவது பசங்க சாயங்காலம் அஞ்சரைக்கு டியூஷன் போனா வீடு திரும்ப ஒன்பது ஆகுது, ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பேட்ச். நாலு அம்மாக்கள்கிட்ட கேட்டேன், நாலு பேரும் நல்ல மாதிரிதான் பேசினாங்க, ஆனா யாரும் வரல.

இன்னொண்ணு, க்ளாஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நேரா கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்குவான். ரெண்டு மணி நேரம் யாரும் பேசக் கூடாது, ஃபேன் சத்தம் மட்டும்தான். பாட்டி குனிஞ்சு "சாமி, சாப்பிட வாடா"ன்னு கூப்பிடுவாங்க, அசைய மாட்டான். கண்ணைப் பாக்கணும், குரலை இறக்கணும், மாத்தி மாத்தி பேசணும்னு ஒன்றரை மணி நேரம் பிடிச்சு வச்சிருந்ததை எல்லாம் அங்க போய்த்தான் இறக்கி வைப்பான். இதைக் கேக்கற வரி மட்டும் எந்த ஃபார்ம்லயும் இல்ல.

அந்த சாயங்காலம்

11வது வாரமோ 12வது வாரமோ இருக்கும். நாங்க இருக்கறது முகலிவாக்கத்துல ஒரு சின்ன அபார்ட்மென்ட், கீழ பார்க்கிங்ல சாயங்காலமானா நாலஞ்சு பசங்க பைக் மேல சாஞ்சுக்கிட்டு அரட்டை அடிப்பாங்க. பேச்சுல போய் சேர்றதுதான் அந்த வார ஹோம்வொர்க். தூரத்துல நின்னு கவனி, கையில போன் மாதிரி ஏதாவது வச்சிக்கோ, என்ன விஷயம் பேசறாங்கன்னு கேளு, உனக்கும் தெரிஞ்ச விஷயமான்னு பாரு, கொஞ்சம் கிட்ட போ, பேச்சுல கேப் விழுந்ததும் அதே விஷயத்தைப் பத்தி ஒரு வரி சொல்லு, அவங்க உன் பக்கம் திரும்பறாங்களான்னு பாரு. இதான் ஸ்டெப்.

நான் ரெண்டாவது மாடி பால்கனில துணி மடிக்கற மாதிரி நின்னு பாத்துட்டு இருந்தேன். அவன் தண்ணி மோட்டார் ரூம் பக்கத்துல நின்னான். போனை எடுத்தான். கீழ சிஎஸ்கே பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, இவனுக்கும் தோனி பிடிக்கும், அதனால ஸ்டெப் சரி. ரெண்டு அடி கிட்ட போனான். நின்னான். கேப்புக்காக காத்திருந்தான். நம்ம பசங்க பேச்சுல கேப் எங்கங்க விழும்? ஒருத்தன் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன் பிடிச்சுக்குவான், ரெண்டு பேர் ஒரே நேரத்துல கத்துவாங்க, மூணாவது ஆளு நடுவுல சிரிப்பான், அதுதான் நம்ம ஊர் அரட்டை, அதுல உள்ள நுழையறவன் காத்திருக்க மாட்டான், டேய்னு கத்திக்கிட்டுதான் நுழைவான். என் பையன் இருபத்தஞ்சு நிமிஷம் நின்னான். நான் கையில ஒரே சட்டைய திரும்பத் திரும்ப மடிச்சுட்டு இருந்தேன். கொசு கடிக்குது, காலை மாத்தி மாத்தி சொறியறான், ஆனா இடத்தை விட்டு அசையல. கடைசில யாரோ ஒருத்தனுக்கு போன் வந்து ஒரு நொடி அமைதி ஆச்சு, இவன் சரியா அந்த நேரத்துல, க்ளாஸ்ல பழகின அதே குரல்ல, "நீங்க சிஎஸ்கே பத்தி பேசிட்டு இருக்கீங்களா, எனக்கும் சிஎஸ்கே பிடிக்கும்"னான். அஞ்சு பேரும் பாத்தாங்க. ஒருத்தன் "ஆமா ப்ரோ"ன்னான். இன்னொருத்தன் பக்கத்துல இருந்தவன் தோளை இடிச்சான். அப்பறம் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு டீக்கடைக்கு போயிட்டாங்க. கெட்ட பசங்க இல்ல, யாரும் ஒரு வார்த்தை தப்பா சொல்லல.

அவன் மேல வந்தான். கால் கழுவினான். ஹோம்வொர்க் ஷீட்டை எடுத்து ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நேரா டிக் போட்டான், ஆறு டிக். கடைசி கட்டத்துல, அவங்க உன் பக்கம் திரும்பினாங்களாங்கற இடத்துல, பேனாவை வச்சபடியே என்னைப் பாத்து கேட்டான்.

"எல்லா ஸ்டெப்பும் செஞ்சேன்மா. அவங்க அவங்களோட ஸ்டெப்பை செய்யலை. அவங்களுக்கு க்ளாஸ் எந்தக் கிழமை?"

அழுகை இல்ல, கோவம் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டான். இந்த பக்கம் 14 வாரம்னா அந்த பக்கமும் ஒரு க்ளாஸ் இருக்கணும்ல, ரெண்டு பேர் சேந்து செய்யற வேலைக்கு ஒருத்தருக்கு மட்டும் பாடம் எடுத்தா எப்படி முடியும்னு அவன் கணக்கு. அவங்களுக்கு க்ளாஸ் இல்லடா கண்ணான்னு நான் சொல்லல. இட்லிக்கு அரிசி ஊற வைக்கணும்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு கடைசி க்ளாஸ்ல டெஸ்ட் வச்சாங்க. முதல் நாள் 26க்கு 13 வாங்கினவன் 23 வாங்கினான். எல்லாரும் கை தட்டினாங்க. நான் 'அடிக்கடி'ல டிக் அடிச்சேன்.

டெஸ்ட்டுல ஏறுது, தெருவுல?

ராத்திரி எல்லாரும் தூங்கினப்பறம் ஆராய்ச்சிக் கட்டுரைங்களை தேடிப் படிக்கற பழக்கம் அதுக்கப்பறம் வந்ததுதான். பியர்ஸ் பத்தி லாகசன் டீம் 2009ல வெளியிட்ட முதல் ஆராய்ச்சியில 33 டீனேஜ் பிள்ளைங்க. அதுல நல்ல முன்னேற்றம்தான், பழகறதைப் பத்தின அறிவு கூடியிருந்துச்சு, வீட்டுக்கு கூப்பிடறதும் கூடியிருந்துச்சு. அதுக்கப்பறம் நிறைய வந்துச்சு, கொரியாவுலகூட செஞ்சு பாத்தாங்க. என்னை நிறுத்தினது 2017ல கேட்ஸ், காங், லெர்னர் மூணு பேரும் இந்த மாதிரி குரூப் க்ளாஸ் பத்தின 19 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்து வச்சுப் பாத்து எழுதினது. எல்லாத்தையும் சேத்தா க்ளாஸால பலன் இருக்குன்னுதான் வருது. ஆனா யார் சொல்றாங்கன்னு பிரிச்சுப் பாத்தா கதை மாறுது. பிள்ளைங்களே சொல்றதுல மாற்றம் ரொம்ப பெருசு, ஆனா அந்த பெரிய மாற்றம் பூரா 'என்ன செய்யணும்னு எனக்கு தெரியும்'ங்கறதுலதான், 'செய்யறேன்'ங்கறதுல கொஞ்சம்தான். பெத்தவங்க சின்னதா ஒரு மாற்றம் இருக்குன்னு சொல்றாங்க. டீச்சருங்ககிட்ட கேட்டா குறிப்பிட்டு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. எங்க வீட்டு பச்சை ஃபைலை யாரோ படிச்சுட்டு எழுதின மாதிரி இருந்துச்சு எனக்கு. 13லேர்ந்து 23, அவனுக்கு தெரியும். அம்மா, 'அடிக்கடி'. அவனோட க்ளாஸ் டீச்சர்கிட்ட நான் தனியா கேட்டப்போ அவங்க சொன்னது, "அப்படியேதான் இருக்கான் மேடம், நல்ல பையன், யாரையும் தொந்தரவு பண்ண மாட்டான்."

நான் பொய் சொல்லணும்னு டிக் அடிக்கல. 14 சனிக்கிழமை, ஆபீஸ்ல பர்மிஷன், கடன் வாங்கின ஃபீஸ், பக்கத்து ரூம்ல என்னோட உக்காந்து அழுத மத்த அம்மாக்கள், இவ்வளவுக்கும் அப்பறம் மாற்றம் இருக்கணும்னு மனசு கேட்டுச்சு, கண்ணு அதைப் பாத்துச்சு. தெரபின்னு தெரிஞ்சே மார்க் போடற ஆளு தாயா இருந்தா அந்த மார்க்கை எவ்வளவு தூரம் நம்பறதுங்கறது ஆராய்ச்சிக்காரங்களே ஒத்துக்கற குறை.

அதை விட என்னை ஆட்டினது இன்னொண்ணு. 2017லதான் நோவா சாசன்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் ஒரு சோதனை செஞ்சாங்க, ஆட்டிசம் இருக்கறவங்க, இல்லாதவங்க ரெண்டு தரப்பும் தனித்தனியா பேசறதை சில செகண்ட் வீடியோவா காட்டி, இவரோட பழகுவீங்களான்னு முன்பின் தெரியாதவங்ககிட்ட கேட்டாங்க. ஆட்டிசம் இருக்கறவங்களைப் பாத்த உடனேயே விருப்பம் குறைஞ்சுது. ஆனா அதே பேச்சை எழுத்தா மட்டும் படிக்கக் குடுத்தப்போ அந்த வித்தியாசமே காணாம போச்சு. அப்ப சொன்ன விஷயத்துல குறை இல்ல. என் பையன் சொன்ன வரிலயும் ஒரு குறையும் இல்லையே, சிஎஸ்கே பிடிக்கும்னுதானே சொன்னான்.

அவனோட கேள்விக்கு பதில் அதே யுசிஎல்ஏலயே இருந்துச்சு, அதுவும் 2012லயே. கோனி கசாரி டீம் 60 சின்னப் பிள்ளைங்களை வச்சு ஸ்கூல்லயே ஒண்ணு செஞ்சாங்க, சில பேருக்கு ஆட்டிசம் இருக்கற பிள்ளைக்கே நேரா பாடம், சில பேருக்கு கூடப் படிக்கற பிள்ளைங்களுக்கு பாடம், எப்படி கவனிக்கறது, எப்படி கூட சேத்துக்கறதுன்னு. கூடப் படிக்கறவங்களுக்கு சொல்லிக் குடுத்த இடத்துலதான் அந்தப் பிள்ளை வகுப்போட நட்பு வட்டத்துக்குள்ள அதிகமா வந்துச்சு, ப்ளே கிரவுண்டுல தனியா நிக்கறது குறைஞ்சுது. அது ஆறுலேர்ந்து பதினோரு வயசுப் பிள்ளைங்க, டீனேஜ்ல அப்படியே நடக்கும்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா க்ளாஸ் எந்தக் கிழமைன்னு அவன் கேட்டது தப்பான கேள்வி இல்ல. நம்ம ஊர்ல அந்தக் கிழமையே இல்ல. முப்பதாயிரம் நான் கட்டறேன், சனிக்கிழமை நான் தூக்கிட்டு ஓடறேன், கட்டிலுக்கு அடியில அவன் படுக்கறான், அந்தப் பக்கத்துல இருக்கற நாற்பது பேர் க்ளாஸ்ல ஒருத்தனுக்கும் பத்து நிமிஷம்கூட இதைப் பத்தி யாரும் சொன்னதில்ல. எனக்கு கோவம் அங்கதான்.

அதுக்கப்பறம் நான் ஒரே ஒரு வேலை செஞ்சேன். கீழ் வீட்டுப் பையன் ஒருத்தன், அந்த அஞ்சு பேர்ல "ஆமா ப்ரோ"ன்னு சொன்னவன், ஒரு நாள் பிரசாதம் குடுக்க வந்தான். உக்கார வச்சு சொன்னேன், "தம்பி, அவன் நீங்க பேச்சை நிறுத்தற வரைக்கும் நிப்பாம்ப்பா, அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டான். நீ ஒரு தடவை திரும்பி என்னடான்னு கேட்டா போதும்." அவன் "இதான் ஆன்ட்டி மேட்டரா, நாங்க வேற ஏதோ நினைச்சோம்"னான். என்ன நினைச்சாங்கன்னு நான் கேக்கல. தினமும் இல்ல, ஆனா அப்பப்ப கீழேர்ந்து "என்னடா"ன்னு ஒரு குரல் கேக்கும், அப்ப எனக்கு கையில இருக்கற வேலை நின்னுரும்.

படிக்கட்டு

இந்த க்ளாஸால கிடைச்ச ஒண்ணை இன்னும் சொல்லல. 2015 டிசம்பர்ல எங்க ஏரியாவுல தண்ணி வந்தப்போ இவன் ஒண்ணாங்கிளாஸ். செம்பரம்பாக்கம் ஏரியில செகண்டுக்கு 29,000 கனஅடி திறந்தாங்கன்னு பெரியவங்க பேசினதைக் கேட்டுட்டு, அப்படின்னா எவ்வளவு, எவ்வளவுன்னு கேட்டு எங்களை விடல. அன்னிலேர்ந்து ஏரிதான் அவன் உலகம். செம்பரம்பாக்கம் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081, மேட்டூர்னா 120 அடி, 93.47 டிஎம்சி. தினமும் காலைல மெட்ரோவாட்டர் சைட்ல நீர்மட்டம் பாத்துட்டுதான் பல் விளக்குவான். க்ளாஸ்ல இதைப் பத்தி பேசறதை குறைச்சுக்கணும், எதிர்ல இருக்கறவருக்கு பிடிச்சதைப் பேசணும்னு பழக்கினாங்க, அவனும் குறைச்சுக்கிட்டான்.

அந்த சென்டர் மாடியில, கீழ செருப்பு விடற இடத்துலேர்ந்து ஒரு குறுகலான படிக்கட்டு. க்ளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்க அங்கதான் உக்காந்திருப்பாங்க, யாரும் பாக்காத கால் மணி நேரம். கொளத்தூர்லேர்ந்து ஒரு பையன் வருவான், அவனுக்கும் 14 வயசு. மூணாவது வாரமே அவனுக்கு புழல் ஏரிக்கரை எல்லாம் தெரியும்னு இவனுக்கு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துக்க மாட்டாங்க, ஒருத்தன் மேல் படி, ஒருத்தன் கீழ் படி, சுவத்தைப் பாத்துக்கிட்டு நம்பரா சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தன் அஞ்சு நிமிஷம் விடாம பேசுவான், அடுத்தவன் அஞ்சு நிமிஷம். நாங்க அம்மாக்கள் மேலேர்ந்து பாத்துட்டு, 'மாத்தி மாத்தி பேசற பாடம் இன்னும் ஏறல பாரு'ன்னு பெருமூச்சு விட்டோம். தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்ட்டன் 2012ல எழுதினது இதைத்தான்னு எனக்கு பின்னாடிதான் புரிஞ்சுது, புரியாம போறது ரெண்டு பக்கமும்தான்னு. எடின்பரோல கிராம்ப்டன் குரூப் 2020ல எட்டு எட்டு பேரா வரிசை வச்சு ஒருத்தர் காதுலேர்ந்து அடுத்தவருக்கு ஒரு கதைய அனுப்பிப் பாத்தாங்க. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவங்களா இருந்த வரிசையில, யாருமே இல்லாத வரிசை அளவுக்கே கதை பத்திரமா போய் சேந்துச்சு, கலந்து நின்ன வரிசையிலதான் நிறைய கொட்டிப்போச்சு.

அப்ப அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? போடுங்கம்மான்னுதான் சொல்வேன்னு நினைக்கறேன், யார் நம்மளை ஏமாத்தறாங்கன்னு கண்டுபிடிக்கற பாடத்துக்காக, தெரியாத விதிய யாராவது வாய் விட்டு சொல்றாங்களேங்கறதுக்காக. 14 வாரத்துல ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தா நம்பாதீங்கன்னு சொல்வேன். உங்க பொண்ணு வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் படுத்து கிடக்குறான்னு ஒரு நோட்டுல எழுதுங்க, அது ஏறிக்கிட்டே போனா நிறுத்திருங்கன்னு சொல்வேன். அப்பறம், அரை மணி முன்னாடியே கொண்டு போய் விடுங்க, விட்டுட்டு நீங்க தள்ளிப் போயிடுங்கன்னு சொல்வேன்.

போன டிசம்பர்ல மழை அடிச்சு ஊத்தினப்போ எங்க அபார்ட்மென்ட் அங்கிள்ங்க ஒவ்வொருத்தரா பால் பாக்கெட்டும் கையுமா எங்க வாசல்ல நின்னு, "செம்பரம்பாக்கம் எவ்வளவுப்பா இன்னிக்கு?"ன்னு கேட்டாங்க. இவன் வணக்கமும் சொல்லல, முகமும் பாக்கல, அடி, இருப்பு, வரத்து, திறப்புன்னு வரிசையா சொன்னான், அவங்களும் கடைசி வரைக்கும் நின்னு கேட்டாங்க.

கொளத்தூர் பையன் இப்பவும் தினமும் காலைல ஆறே முக்காலுக்கு போன் பண்றான். ஹலோ இல்ல, எப்படி இருக்கீங்க இல்ல, வைக்கறேன் இல்ல, க்ளாஸ்ல சொல்லிக் குடுத்த எந்த ஸ்டெப்பும் இல்ல. ஸ்பீக்கர்ல போட்டுக்குவான், அடுப்படில நின்னா எனக்கு கேக்கும். இன்னிக்கு கேட்டது இவ்வளவுதான்.

"பூண்டி பாத்தீங்களா?"

"பாத்தேன். நேத்தை விட ரெண்டு இன்ச் கம்மி. நீங்க புழல் பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்படியேதான் இருக்கு."

கட் ஆயிடுச்சு. என் பையன் பல் விளக்கப் போனான்.